மான்ஸ்டருக்குச் சக்தி கொடுக்கும்போது டிஎம்கள் செய்யும் தவறுகள்

டைஸ் உருட்டி, கதாபாத்திரங்களாக மாறி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடுபவர்களிடம் பழைய சண்டைகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) எவ்வளவு என்று யாருக்கும் நினைவிருக்காது. "என் வாளைத் துருப்பிடிக்க வைத்ததே, அதுதானே?" என்பார்கள். புது மான்ஸ்டர் எழுதும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவர்) சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். சக்தி அவர் நோட்டில் இருக்கும், ஆடுபவர் கண்ணில் படாது.

எண்ணைக் கூட்டிவிட்டு அதையே சக்தி என்று நினைப்பது முதல் தவறு. ஓர்க் என்ற முரட்டு எதிரிக்குத் தாக்குதலில் +2 கொடுத்தால், டைஸ் நன்றாக விழுந்திருக்கிறது என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் (இங்கே சொல்லும் விதிகள் எல்லாம் அந்தப் பதிப்பினவை) கோப்ளின் என்ற குட்டி எதிரிக்கு வெறும் 7 ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளிகள். ஆனால் அடித்த கையோடு, அதே முறையில் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் நழுவி ஒளிந்துகொள்ளும். இரண்டாவது ரவுண்டிலேயே "எங்கே போச்சு அந்தச் சனியன்?" என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்தது, இருக்கும் சக்தியையும் மறைத்து வைப்பது. டிரோல் என்ற பூதத்துக்குத் தன் ஒவ்வொரு டர்ன் (ஆடும் முறை) தொடக்கத்திலும் 10 ஹெச்பி திரும்பக் கிடைக்கும். தீயோ அமிலமோ பட்டால் அடுத்த டர்னில் கிடைக்காது. இதை டிஎம் தன் முன்னால் வைத்திருக்கும் மறைப்பு ஸ்கிரீனுக்குப் பின்னால் பென்சிலால் கூட்டிக்கொண்டே போனால், சாகவே சாகாத சலிப்பான பூதம்தான் மிச்சம். வெட்டுக்காயம் கண்முன்னே ஒட்டிக்கொள்வதைச் சொல்லுங்கள். பந்தம் பட்ட இடம் மட்டும் கருகியே கிடப்பதையும் சொல்லுங்கள். பந்தத்தால் அடித்தால் தீ டேமேஜ் 1தான், ஆனால் அதுவே போதும். கண்டுபிடித்துவிடுவார்களே என்று பயப்பட வேண்டாம், கண்டுபிடிக்கத்தானே வைத்திருக்கிறோம்!

சக்திகளை அடுக்கிக்கொண்டே போவதிலும் பயனில்லை. சண்டை பெரும்பாலும் மூன்று நான்கு ரவுண்டில் முடிந்துவிடும். ஐந்து சக்தி எழுதினால் பாதி வெளியே வராது. டிராகனின் மூச்சைக் கடைசிக்கு என்று பத்திரப்படுத்தாதீர்கள். முதல் டர்னிலேயே ஊதிவிடுங்கள். அப்புறம் ஆறு பக்க டைஸில் 5 அல்லது 6 விழுந்தால் மறுபடி தயாராகிவிடும். நீங்கள் அந்த டைஸை உருட்டும் ஒவ்வொரு முறையும் மேஜையே வாயைப் பொத்திக்கொள்ளும்.

கவனிக்க வைக்க வேண்டும் என்று ஆடுபவரின் டர்னையே பறிப்பதுதான் எனக்குப் பிடிக்காத தவறு. பிணம் தின்னும் கூல் (ghoul) என்ற பேயின் நகம் பட்டு உறைந்து போனவர் செல்போனை எடுத்துவிடுவார். துருப்பிடிக்க வைக்கும் ரஸ்ட் மான்ஸ்டரைப் பாருங்கள் (மலிவு பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்து, இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் உருவாக்கியது). மந்திரமில்லாத உலோக ஆயுதம் அதன்மேல் படும் ஒவ்வொரு அடிக்கும் அந்த ஆயுதத்தின் டேமேஜில் 1 குறையும், -5 ஆனால் ஆயுதமே போய்விடும். வாளைப் பணயம் வைப்பதா, கீழே போட்டுவிட்டுத் தடியை எடுப்பதா? முடிவு ஆடுபவர் கையில்.

பெரிய மான்ஸ்டர்களுக்கு இருக்கும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் என்ற சக்தியும் கிட்டத்தட்ட டர்னைப் பறிப்பதுதான். நாளுக்கு மூன்று முறை, மந்திரம் போன்றவற்றிலிருந்து தப்ப உருட்டும் டைஸில் (சேவிங் த்ரோ) தோற்றதை ஜெயித்ததாக மாற்றிவிடும். மந்திரவாதியின் நல்ல மந்திரம் சும்மா போய்விட்டதாகவே தோன்றும். அதை அப்படியே விடாமல், ஒவ்வொரு முறையும் அரக்கனின் நெற்றிக் கற்கள் மூன்றில் ஒன்று வெடிக்கட்டும். இன்னும் எத்தனை பாக்கி என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.