பொதுவிருந்துக்கு ஜப்பானிய உணவு: மீன் ஒளிந்திருக்கும் இடங்கள்

ஆஸ்திரேலியாவில் மார்ச் மாதம், பல பண்பாட்டு மக்களும் சேர்ந்து கொண்டாடும் ஹார்மனி வாரம் வரும். 1999-ல் மார்ச் 21 என்ற ஒரே நாளாகத் தொடங்கியது. பள்ளிகளிலும் சமூகக் கூடங்களிலும் நீளமாக மேசை போட்டு, ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்து வைப்பார்கள். ஜப்பானிய உணவு வைக்கிறவர்கள் அங்கே சமையலில் சறுக்குவதைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விடுவதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டோஃபு, வெங்காயத்தாள், கொஞ்சம் கடற்பாசி. பார்த்தால் சுத்த சைவம். ஆனால் அதன் அடிநீரான தாஷியில் பெரும்பாலும் கட்சுவோபுஷி இருக்கும். சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டை போல் காயவைத்துச் சீவியது. நம் மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். கடையில் வாங்கும் தாஷித் தூளிலும் அநேகமாக மீன்தான். மிசோ விழுதிலேயே தாஷியைக் கலந்து விற்பதும் உண்டு. இனிப்பான டோஃபு பைக்குள் சோறு அடைத்த இனாரி சுஷியும் இப்படித்தான். அந்தப் பையைக் கொதிக்கவைத்த சாற்றில் தாஷி சேர்ந்திருக்கும். “மீன் இல்லையே” என்று நம்பிச் சாப்பிட்ட சைவக்காரரிடம் பிறகு எப்படி முகம் காட்டுவது?

இதற்கு வழி ஜப்பானிலேயே இருக்கிறது. புத்த மடங்களின் சமையலில் கொம்பும் உலர்ந்த ஷிடாகே காளானும்தான் தாஷி. (கொம்பு என்றால் மாட்டுக் கொம்பு இல்லை, ஒருவகைக் கடற்பாசி.) இரண்டையும் முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டால் போதும்.

அடுத்தது மிரின், சமையலில் சேர்க்கும் இனிப்பான அரிசி மது. அசல் மிரினில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால். “கொதித்தால் போய்விடும்” என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. முஸ்லிம் நண்பர்கள் முடிவு செய்யட்டும். சோயா சாஸில் கோதுமை இருப்பதும் பலருக்குத் தெரியாது. ஒரு சின்ன அட்டையில் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடுங்கள்.

பச்சை மீன் வேண்டவே வேண்டாம். சுஷி என்றாலே பச்சை மீன் என்பது தப்பு, அது வினிகர் கலந்த சோறு. வெள்ளரியோ முட்டையோ வைத்தாலும் சுஷிதான்.

சரி, ஓனிகிரி என்ற சோற்று உருண்டை? கூட்டத்துக்கு அதைவிடத் தோதான பண்டம் எனக்குத் தெரியவில்லை. முதல்நாளே பிடித்து ஃபிரிட்ஜில் வைத்தால் மட்டும் சோறு விறைத்து மணல் போல் உதிரும். அன்று காலை சோறு ஆக்கி, கையில் படாமல் பிளாஸ்டிக் தாளில் வைத்து அழுத்திப் பிடித்து, சூடு ஆறியபிறகே டப்பாவை மூடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். வெயிலில் மணிக்கணக்கில் வைக்காதீர்கள். நோரி என்ற கடற்பாசித் தாளைத் தனியாகக் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது சுற்றிக் கொடுங்கள். முன்பே சுற்றினால் நமத்த அப்பளம்தான்.

சோற்றில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்திப் படம் எடுக்காதீர்கள். ஜப்பானில் அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. வாய்க்கரிசியை வைத்து நாம் விளையாடுவோமா? குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்பை எடுப்பது அப்படித்தான்.

அப்புறம், வசாபி என்ற காரமான பச்சை விழுதைத் தனிக் கிண்ணத்தில் பெயர் எழுதி வையுங்கள். பச்சைச் சட்னி என்று நினைத்து ஒரு கரண்டி அள்ளிய மாமா ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அன்று முழுக்க அவர் அந்த மேசைப் பக்கமே வரவில்லை.