காஸ்டிக் சோடாவுக்கு அலுமினியக் குவளை ஆகாது

காட்பாடியில் எங்கள் வீட்டுப் பாத்திரத் தொட்டிக் குழாய் எண்ணெய்ப் பிசுக்கால் அடைத்துக்கொண்டது. காஸ்டிக் சோடாவைக் கைக்கு அகப்பட்ட அலுமினியக் குவளையில் கரைத்தேன், அதுதான் தப்பு. நுரைத்துப் பொங்கிக் குவளை கறுத்துவிட்டது. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளியேற்றும். பிளாஸ்டிக் வாளியே சரி. முதலில் தண்ணீர், பிறகு சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மாற்றிச் செய்தால் சூட்டில் தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். வேலூர்க் கோடையில் மாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீர்தான்; குடத்துத் தண்ணீரை எடுங்கள். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கழிப்பறை ஆசிட்டைக் கூடவே ஊற்றாதீர்கள். தோலில் பட்டால் சோப்பைப்போல வழவழக்கும்; உடனே ஓடும் நீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள்.