தும்மலோடு ஊர் போகிறவர்களுக்கு

மழை முடிந்து மார்கழியில் கடலூர் போனால், பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததுமே தும்மல்தான். சுவரில் பூஞ்சணம், பரணில் தூசு, போதாததற்குப் போகிப் புகை. ஒருமுறை பக்கத்து மெடிக்கலில் "அலர்ஜிக்கு மாத்திரை" என்றேன். காகித உறையில் மூன்று கொடுத்தார்கள். பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. ஒன்றைப் போட்டுக்கொண்டு மதிய விருந்தில் இலை முன்பாகவே தூங்கி வழிந்தேன்.

இப்போதெல்லாம் அட்டையாகவே வாங்குகிறேன். வெட்டித்தான் தருவோம் என்றால் பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேளுங்கள். பிராண்டைவிட உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்தான் முக்கியம். கனடாவில் பெனட்ரில் என்றால் அலர்ஜி மாத்திரை. இங்கே அந்தப் பெயரைச் சொன்னால் இருமல் சிரப்பை நீட்டுவார்கள்.

அவில் மாத்திரையில் இருக்கும் பெனிரமின், குளோர்பெனிரமின் எல்லாம் பழைய வகை, நன்றாகவே தூக்கம் வரும். செட்ரிசினில் அது குறைவு, ஆனாலும் சிலரை அசத்திவிடும். பெரியவர்களுக்கு நாளுக்கு 10 மி.கி. ஒரு வேளை போதும். தும்மல் நிற்கவில்லை என்று இன்னொன்று போடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டும் நாளில் நான் எடுப்பது தூக்கம் அவ்வளவாக வராத ஃபெக்சோஃபெனடின். அதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும், ஆரஞ்சு ஜூஸ் கூடாது. மருந்து சரியாக உடம்பில் சேராது. புதுச்சேரிக்கு எதற்காகப் போகிறோம் என்று சிலர் சொல்லவே வேண்டாம். அந்த மதுக் கிளாஸும் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரையும் ஒரே ராத்திரியில் வேண்டாம்.

அப்புறம், சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் ஏற்கெனவே இருக்கிறது. மேலே இன்னொரு அலர்ஜி மாத்திரை போட்டால் இரட்டை அளவு ஆகிவிடும். கூடவே மூக்கடைப்புக்கான ஃபெனைலெஃப்ரினும் இருந்தால் பிரஷர் ஏறலாம். நமக்கு ஒத்துக்கொண்டதே என்று அப்பாவுக்கு நீட்டாதீர்கள். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குப் பழைய வகை மாத்திரையால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தாலும் அது ஆகாது.

இறால், நண்டு சாப்பிட்டு உதடு வீங்கி மூச்சு இழுத்தால் மாத்திரையைத் தேடாதீர்கள். அதற்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து. உடனே 108 அழையுங்கள். வெளிநாட்டில் எழுதிக்கொடுத்த, நாமே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் ஊசிப்பேனா இருந்தால் கைப்பையில் கொண்டுவாருங்கள், இங்கே கடையில் கிடைப்பது கடினம். அதை வெயிலில் நிற்கும் காரிலேயே விட்டுவிட்டுச் சில்வர் பீச்சுக்கு இறங்கிவிடாதீர்கள்.