டிசி மோட்டார் டிரைவ்: கரண்ட் லூப்பை அளந்து ட்யூன் செய்வது எப்படி?

மோட்டாரின் வேகம் தள்ளாடினால் பலரும் முதலில் கை வைப்பது ஸ்பீடு லூப்பில், அதாவது வேகத்தை அளந்து திருத்திக்கொண்டே இருக்கும் கட்டுப்பாட்டில். அதற்கு உள்ளே, கரண்ட்டை அதேபோல் திருத்தும் கரண்ட் லூப்பை முதலில் பாருங்கள். டார்க்கை (முறுக்கு விசையை) தருவது கரண்ட். அது சொன்னபடி கேட்காதவரை வேகமும் கேட்காது. கெயினை (பிழைக்கு லூப் எவ்வளவு பலமாகப் பதில் தர வேண்டும் என்ற எண்ணை) குத்துமதிப்பாகத் திருகவும் வேண்டாம். மோட்டாரின் இரண்டு எண்களை அளந்தால் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம்.

நம் உதாரணம்: 24 வோல்ட் பிரஷ் மோட்டார், ஹெச்-பிரிட்ஜ் (மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் நான்கு ஸ்விட்ச் சர்க்யூட்), 20 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (வோல்டேஜை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் பல்ஸ்கள்), 10 மில்லிஓம் ஷண்ட் (கரண்ட்டை அளக்கும் சிறு ரெசிஸ்டர்). பவர் சப்ளையின் கரண்ட் லிமிட்டை 3 ஆம்பியரில் வையுங்கள்.

1. மின்தடை. ஷாஃப்டை வைஸில் இறுக்குங்கள். சப்ளையிலிருந்து நேராக 1 ஆம்பியர் ஓடவிட்டு, மோட்டார் முனைகளிலேயே வோல்டேஜைப் பாருங்கள். 0.8 வோல்ட் என்றால் 0.8 ஓம். பிரஷ் உட்காரும் இடத்துக்கு இடம் இது மாறும். ஷாஃப்டைத் திருப்பித் திருப்பி ஐந்தாறு முறை அளந்து சராசரி எடுங்கள். மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்ச் இங்கே உதவாது, ஒயரின் மின்தடையும் அதில் சேர்ந்துவிடும்.

2. இண்டக்டன்ஸ். ஷாஃப்ட் பூட்டியபடியே இருக்கட்டும். 10% ட்யூட்டி (பல்ஸ் ஆனாக இருக்கும் நேரப் பங்கு) கொடுத்தால் சராசரி 2.4 வோல்ட், கரண்ட் ஏறக்குறைய 3 ஆம்பியரில் நிற்கும். அதில் 63%, அதாவது 1.9 ஆம்பியரைத் தொட எவ்வளவு நேரம் என்று ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். அந்த நேரத்தை மின்தடையால் பெருக்கினால் இண்டக்டன்ஸ். 2 மில்லிசெகண்ட் என்றால், 0.8 × 2 = 1.6 மில்லிஹென்றி. சில நொடிகளுக்கு மேல் விடாதீர்கள். பிரஷ் தொடும் ஒரே கம்யூட்டேட்டர் துண்டு சூடாகும். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மோட்டார் முனையில் மாட்டவே கூடாது, சப்ளை எர்த் ஆகியிருந்தால் பிரிட்ஜ் ஷார்ட் ஆகும். ஷண்ட் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்டில் பாருங்கள்.

3. சென்சார். பிடபிள்யூஎம்மை அணைத்து 1000 ரீடிங் எடுங்கள். அதன் சராசரிதான் பூஜ்யம். பிறகு சிறிய பாசிட்டிவ் ட்யூட்டி கொடுத்தால் ரீடிங்கும் பாசிட்டிவாக வர வேண்டும். தலைகீழாக இருக்கும்போது லூப்பை ஆன் செய்தால் கரண்ட் நேரே லிமிட்டுக்கு ஓடும். பிரிட்ஜின் ஸ்விட்சான மாஸ்ஃபெட் மாறும் விளிம்பில் சிக்னல் அதிரும் என்பதால், ஒவ்வொரு பல்ஸின் நடுவில் சாம்பிள் எடுங்கள்.

4. கெயின். 500 ஹெர்ட்ஸ் பேண்ட்விட்த்தில் (லூப் எவ்வளவு வேகமாகப் பின்தொடரும் என்ற அளவு) தொடங்குங்கள்: 2π × 500 = 3142.

ப்ரோபோர்ஷனல் (இப்போதைய பிழைக்கான கெயின், இண்டக்டன்ஸ் × 3142): 0.0016 × 3142 ≈ 5
இன்டெக்ரல் (சேர்ந்துவரும் பிழைக்கான கெயின், மின்தடை × 3142): 0.8 × 3142 ≈ 2513

கோடில் இன்டெக்ரலை 50 மைக்ரோசெகண்டால் (20 கிலோஹெர்ட்ஸின் ஒரு சுற்று நேரம்) பெருக்கி 0.126 என்று எழுத வேண்டும். இதை மறந்தால் கெயின் 20,000 மடங்கு ஆகிவிடும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. வெளியே வருவது வோல்ட், அதை 24-ஆல் வகுத்தால் ட்யூட்டி.

ஒரேயடியாக 5 ஆம்பியர் (5 ஆம்பியர் ஸ்டெப்) கேட்டால் இந்த லூப் 5 × 5 = 25 வோல்ட் கேட்கும், இருப்பதோ 24. அவுட்புட் இந்த எல்லையில் முட்டும்போது இன்டெக்ரேட்டரை நிறுத்தி வைக்கும் வரி கோடில் இல்லாவிட்டால் கரண்ட் இலக்கைத் தாண்டிப் போய்த்தான் திரும்பும்.

5. சோதனை. ஷாஃப்ட் பூட்டியபடி 1 ஆம்பியர் ஸ்டெப் கொடுங்கள். 10%-லிருந்து 90%-க்கு சுமார் 0.7 மில்லிசெகண்டில் ஏற வேண்டும். வேகமாக ஏறிவிட்டுக் கடைசியில் ஊர்ந்தால் இன்டெக்ரல் குறைவு. தாண்டிவிட்டு இறங்கினால் இன்டெக்ரல் அதிகம். எதுவானாலும் 1, 2 படிகளின் அளவுகளை மீண்டும் எடுங்கள்.

நன்றாக வந்ததும் பேண்ட்விட்த்தை 2 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றத் தோன்றும். கணக்கிடவும் பிடபிள்யூஎம் மாறவும் ஆகும் தாமதம் சுமார் 75 மைக்ரோசெகண்ட். லூப் நிலையாக இருக்க வேண்டிய ஃபேஸ் இடைவெளியில் 500 ஹெர்ட்ஸில் அது 13.5 டிகிரி மட்டுமே தின்னும்; 2 கிலோஹெர்ட்ஸில் 54 டிகிரி. மோட்டார் கீச்சென்று கத்தத் தொடங்கினால் காரணம் இதுதான்.

ஷாஃப்டை விடுவித்த பிறகு பிரேக் போடும்போது 24 வோல்ட் பஸ்ஸை (பிரிட்ஜுக்கு வரும் சப்ளை லைனை) கவனியுங்கள். திரும்பி வரும் மின்சாரத்தை பெஞ்ச் சப்ளை வாங்கிக்கொள்ளாது, கெபாசிட்டரில் வோல்டேஜ் ஏறும். 30 வோல்ட்டைத் தாண்டினால் பிரேக் ரெசிஸ்டர் மாட்டாமல் ஸ்பீடு லூப்புக்குப் போகாதீர்கள்.