‘க்ளியர்’: எது போகிறது, எது நிற்கிறது?

‘மேசையைத் துடை’ என்கிறோம். ‘கண்ணீரைத் துடை’ என்றும் சொல்கிறோம். முதலாவதில் மேசை அப்படியே இருக்கிறது, இரண்டாவதில் கண்ணீர் போய்விடுகிறது. ‘க்ளியர்’ என்ற ஆங்கில வினையும் இதே மாதிரிதான். இது பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

படி 1: பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். அது இடமா, இடத்தை அடைத்திருக்கும் பொருளா? ‘க்ளியர் த டேபிள்’ என்றால் சாப்பிட்ட தட்டுகளை எடுக்க வேண்டும். ‘க்ளியர் த பிளேட்ஸ்’ என்றாலும் அதே வேலைதான். ‘ரிமூவ்’ இப்படி வளைந்துகொடுக்காது. ‘ரிமூவ் த டேபிள்’ என்றால் மேசையையே தூக்கிவிடுவார்கள். ‘க்ளீன் த டேபிள்’ வேறு: அது ஈரத்துணி போட்டுத் துடைப்பது. நாம் இரண்டையும் ‘சுத்தம் பண்ணு’ என்பதால் இந்த இடத்தில் அடிக்கடி சறுக்குகிறோம்.

படி 2: இடம், பொருள் இரண்டையும் சொல்லும்போது வரிசையைக் கவனியுங்கள். பொருள் முன்னால் வந்தால் ‘ஃப்ரம்’: ‘க்ளியர் த ஸ்னோ ஃப்ரம் த ரோடு’. இடம் முன்னால் வந்தால் ஒற்றை எஃப் போட்டு எழுதும் ‘ஆஃப்’: ‘க்ளியர் த ரோடு ஆஃப் ஸ்னோ’.

‘த கோர்ட் க்ளியர்டு ஹிம் ஆஃப் மர்டர்’ என்பதும் இந்த அமைப்புதான். ஆள்தான் இடம்; அவர்மேல் கிடந்த கொலைப்பழி போகிறது. ‘குற்றத்திலிருந்து விடுவித்தது’ என்று தமிழில் யோசித்து ‘ஃப்ரம்’ போட்டுவிடாதீர்கள். மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது.

படி 3: பின்னால் எதுவும் இல்லையென்றால் எழுவாயைப் பாருங்கள். ‘த ஃபாக் க்ளியர்டு’: மூடுபனி கலைந்துபோனது. ‘த ஸ்கை க்ளியர்டு’: மேகம் விலகி வானம் வெளுத்தது. ‘த செக் க்ளியர்டு’ என்றால் காசோலைப் பணம் கணக்கில் சேர்ந்துவிட்டது.

படி 4: தாண்டுதல். ‘த ஹார்ஸ் க்ளியர்டு த ஃபென்ஸ்’ என்பதில் குதிரை வேலியைப் பிடுங்கவில்லை, மேலே படாமல் தாண்டியது. ‘படாமல்’ என்பதுதான் இங்கே உயிர். கால் இடித்திருந்தால் இந்தச் சொல் பொருந்தாது. சரக்கு சுங்கத்தை ‘க்ளியர்’ செய்வதும் ஒரு தடையைத் தாண்டுவதுதான். நம் ஊரில் ‘எக்ஸாம் க்ளியர் பண்ணிட்டேன்’ என்பதும் இதே வகை. இந்திய ஆங்கிலத்தில் அது தவறில்லை. பிரிட்டனில் ‘பாஸ்டு’ என்பார்கள்.

ஒட்டுச்சொல் சேர்ந்தால் தொனி மாறும். ‘க்ளியர் அப்’ ஒழுங்குபடுத்துவது. ‘க்ளியர் அவுட்’ அலமாரியைக் காலி செய்வது. ‘க்ளியர் ஆஃப்’, அதாவது இரண்டு எஃப் உள்ளது, ‘இடத்தைக் காலி பண்ணு’ என்று ஆளை விரட்டுவது, பெரியவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.