எல்லை தாண்டி உதிரிபாகம் வாங்கும் முன்: விண்ட்சருக்குப் புதிதாகச் செல்லும் நம் மாவட்டத்தாருக்கு

என் தம்பி மகன் வரும் ஆகஸ்டில் கனடாவின் விண்ட்சர் நகரத்துக்குப் படிக்கப் புறப்படுகிறான். பர்கூரில் பொறியியல் முடித்தவன். அங்கே போய் ஒரு பழைய கார் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதில் இப்போதே உறுதியாக இருக்கிறான். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செலவுக் கணக்கெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன், "ஆத்துக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவோட டெட்ராய்ட்தானாமே பெரியப்பா, ஸ்பேர் எல்லாம் அங்க ரொம்ப சீப்பாம். நம்ம ஓசூர்க்காரங்க ஜே.சி. ரோடுக்குப் போய் வர்ற மாதிரிதானே?" என்றான். இதே கேள்வியை, ஏறக்குறைய இதே சொற்களில், 2018-ஆம் ஆண்டு நவம்பரில் விண்ட்சரில் என்னுடன் குடியிருந்த காவேரிப்பட்டணத்து நண்பரிடம் நான் கேட்டேன். அன்று எனக்குச் சரியான பதில் சொல்ல ஆளில்லை. விண்ட்சர், உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் வடிவம் தரும் அச்சுகளான டை, மோல்டு செய்யும் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ஓசூரில் அந்த வேலை கற்றவர்களும் படிக்கப் போகும் பிள்ளைகளும் நம் பக்கத்திலிருந்து அங்கே தொடர்ந்து போகிறார்கள் என்பதால், தம்பி மகனிடம் சொன்னதை எல்லோருக்கும் பயன்படும்படி எழுதி வைக்கிறேன்.

நம் ஊர்ப் பழக்கம் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காருக்கு ஒரு சாமான் தேவைப்பட்டால் ஓசூரில் ஒரு விலை கேட்போம், பிறகு அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு விலை கேட்போம். அங்கேயே மாட்டிக்கொண்டும் வந்துவிடுவோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு ஜூஜுவாடியில் வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்த காலத்திலும், லாரியில் ஏறிவரும் சரக்கைத்தான் நிறுத்திக் கேட்டார்களே தவிர, ஒருவர் தம் சொந்தக் காரில் மாட்டிக்கொண்டு வந்த பிரேக் டிஸ்க்கை யாரும் குனிந்து பார்த்ததில்லை. வண்டியில் மாட்டிவிட்டால் அது வண்டிதான், சரக்கு அல்ல என்பது நம் மனத்தில் சட்டம் போலவே பதிந்துபோய்விட்டது. கழற்றிய பழைய சாமானை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வருவதும் அதே அளவுக்குப் பதிந்த பழக்கம்; உண்மையிலேயே மாற்றினாரா என்பதற்கு அதுதானே நமக்குச் சாட்சி. இந்த இரண்டு பழக்கங்களும் சேர்ந்துதான் என்னை எல்லையில் நிறுத்தின.

அலுவல் விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், கனடாவில் படிப்பு அனுமதியோ வேலை அனுமதியோ நிரந்தரக் குடியுரிமையோ பெற்றிருந்தாலும், அமெரிக்காவுக்குள் நுழையத் தனியாக அமெரிக்க விசா வேண்டும். பாலத்தின் நடுவில் போய்த்தான் இதைத் தெரிந்துகொண்டோம் என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். விண்ட்சருக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே 1929-இல் திறந்த அம்பாசடர் பாலமும் 1930-இல் திறந்த சுரங்கப்பாதையும் இருக்கின்றன, இரண்டிலும் கட்டணம் உண்டு. கனடாவில் வசிப்பவர் காலையில் போய் மாலையில் திரும்பினால் வரிவிலக்கு என்று எதுவுமே கிடையாது. 24 மணி நேரம் வெளியே தங்கினால் 200 கனடிய டாலர் மதிப்பு வரையிலும், 48 மணி நேரம் தங்கினால் 800 டாலர் வரையிலும் விலக்கு உண்டு. 24 மணி நேர விலக்கில் 200-ஐத் தாண்டி ஒரு டாலர் போனாலும் மொத்தத் தொகைக்கும் வரி கட்ட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2025-இல் இரு நாடுகளுக்கும் இடையே வரிப் பூசல் தொடங்கிய பிறகு கூடுதல் வரிகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதால், புறப்படுகிற நாளன்று கனடா எல்லைச் சேவை முகமையின் இணையதளத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

இனி என் கணக்கு. நான் வாங்கியிருந்தது ஒரு பழைய கரோலா. அங்கே குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையெங்கும் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு வண்டியின் அடிப்பகுதியையும் பிரேக்கையும் அரிக்கிற வேகத்தை நம் ஊரில் கற்பனை செய்ய முடியாது. நான்கு பிரேக் டிஸ்க்கும் நான்கு செட் பிரேக் பேடும் மாற்ற வேண்டியிருந்தது. விண்ட்சரில் சாமானுக்கு மட்டும் 520 டாலர் கேட்டார்கள். அங்கே எச்.எஸ்.டி. எனப்படும் 13 சதவீத விற்பனை வரியையும் சேர்த்தால் 587 டாலருக்கு மேல். அதே தரத்தில் டெட்ராய்ட் பக்கம் 260 அமெரிக்க டாலர். பாதிவிலை என்று நினைத்து மகிழ்ந்தேன். டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தின் விற்பனை வரி 6 சதவீதம் சேர்ந்து அது 275 டாலர் 60 சென்ட் ஆனது. அன்றைய மாற்று விகிதம் ஏறத்தாழ 1.30, அதன் மேல் கடன் அட்டைக்கான அயல்நாணயக் கட்டணம் 2.5 சதவீதம், ஆக என் கணக்கில் பற்று விழுந்தது 367 கனடிய டாலர். மிச்சிகனில் கட்டிய வரியைக் கனடாக்காரருக்குத் திருப்பித் தர மாட்டார்கள். டிஸ்க் சீனத் தயாரிப்பு என்பதால் 6 சதவீதச் சுங்க வரியும் அதற்கு மேல் 13 சதவீத எச்.எஸ்.டி.யும் எல்லையில் கட்ட வேண்டியவை. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 67 டாலர். போகவரப் பாலக் கட்டணம் 12 டாலர் என்று வைத்தாலும், முழு வரியும் நேர்மையாகக் கட்டிவிட்டு நான் 140 டாலர் மிச்சப்படுத்தியிருக்கலாம். அந்த 67 டாலரையும் கட்டாமல் இருந்துவிடலாமே என்ற ஆசைதான் என் தவறு.

டெட்ராய்ட் பக்கம் குடியிருந்த நண்பர் ஒருவரின் வீட்டுக் கொட்டிலில் வைத்து நாங்கள் இருவருமாக அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டோம். பழைய டிஸ்க்குகளை, வீணாக்க மனமில்லாமல், புதியவை வந்த அட்டைப்பெட்டிகளிலேயே வைத்து டிக்கியில் ஏற்றினேன். எல்லைச் சாவடியில் இருந்த அதிகாரி, என்ன வாங்கினீர்கள் என்று கேட்டார். பாலும் ரொட்டியும் முப்பது டாலருக்கு வாங்கினோம் என்றேன். வேறெதுவும் இல்லையா என்று இரண்டாவது முறையும் கேட்டார். இல்லை என்றேன். அந்த இரண்டாவது கேள்விக்காவது உண்மையைச் சொல்லியிருந்தால் வரியோடு முடிந்திருக்கும்.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். இன்னொரு அதிகாரி கைவிளக்கோடு வந்து முன் சக்கரத்தருகே குனிந்தார். விளக்கொளி சக்கரத்தின் ஆரங்களுக்கு ஊடே விழுந்தபோது நானும் பார்த்தேன்: சுற்றிலும் இருந்த இரும்பெல்லாம் உப்பரித்துச் செங்கல் நிறத்தில் பொரிந்து கிடக்க, நடுவில் அந்த டிஸ்க் மட்டும் எவர்சில்வர் தட்டுப் போலப் பளிச்சென்று இருந்தது, பேட் உரசிய மெல்லிய வட்டக் கோடுகள்கூட இன்னும் முழுதாக விழவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்தார், பிறகு டிக்கியைத் திறக்கச் சொன்னார். பெட்டிகளில் அளவும் எண்ணும் அச்சிட்டிருந்தன, பில் வண்டியின் டாஷ்போர்டு அறையில் இருந்தது. பழைய சாமானைக் கையோடு கொண்டுவந்து நானே என்மேல் சாட்சி வைத்தது போல ஆயிற்று.

இங்கேதான் ஒவ்வொருவரும் நிறுத்திப் படிக்க வேண்டும். கனடாவின் சுங்கச் சட்டப்படி, வெளிநாட்டில் வண்டிக்கு மாட்டிய உதிரிபாகம், போட்ட டயர், செய்த பழுது ஆகிய அனைத்தும் அறிவிக்க வேண்டியவை. வண்டியின் ஒரு பகுதியாகிவிட்டது என்ற வாதம் அங்கே நிற்காது. பயணத்தின் நடுவே எதிர்பாராமல் வண்டி நின்றுபோய், ஊர் திரும்புவதற்காகவே பழுது பார்த்திருந்தால் அதற்குத் தனிச் சலுகை இருக்கிறது. அதையும் பில்லைக் காட்டி நாமாகச் சொன்னால்தான் கிடைக்கும். அறிவிக்காமல் கொண்டுவந்த பொருளைப் பறிமுதல் செய்யலாம், அல்லது அதன் மதிப்பில் 25 முதல் 80 சதவீதம் வரை அபராதம் வாங்கிக்கொண்டு திருப்பித் தரலாம். கடத்தப் பயன்பட்ட வண்டியையே பிடித்து வைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. மூன்று மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு நான் ஏறத்தாழ 200 டாலர் அபராதம் கட்டினேன். சாமான் விலை, பாலக் கட்டணம், அபராதம் மூன்றையும் கூட்டினால் 579 டாலர். விண்ட்சரிலேயே வாங்கியிருந்தால் 587. எனக்கு மிஞ்சியது எட்டு டாலர்.

பணத்தை விட்டுத்தள்ளுங்கள். நான் அபராதம் கட்டியது என் பெயரோடு பதிவாகிவிட்டது. எங்கள் பட்டறையின் மோல்டுகளைப் பார்க்க மாதம் ஒருமுறையாவது அந்தப் பக்கம் போய்வர வேண்டியிருந்தது. அதன் பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் திரும்பும்போது என்னை ஓரமாக நிறுத்தினார்கள். ஒருமுறை நிறுவன வேனில் மேற்பார்வையாளரோடு நான்கு பேர் வந்தோம். என் ஒருவன் பொருட்டு எல்லோரும் கொட்டும் பனியில் இறங்கி நின்றார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையில் என் கை சுத்தம், அளவு சுத்தம் என்று ஓசூரில் வாங்கிய பெயரை அங்கேயும் காப்பாற்றி வைத்திருந்தவன் நான். அன்று அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். எல்லையை விரைவாகக் கடக்க உதவும் நெக்சஸ் அட்டை வைத்திருப்பவர்கள் இத்தகைய தவறில் அட்டையையே இழக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இதனால் எல்லை தாண்டி வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முறையாக வாங்கினால் மிச்சம் உண்டு என்பதை மேலே கணக்கோடு காட்டியிருக்கிறேன். வாங்கப் போகும்போது வண்டியின் 17 எழுத்தெண் கொண்ட அடையாள எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மாடலையும் ஆண்டையும் மட்டும் நம்பாதீர்கள். பகலிலும் தானாக எரியும் முன்விளக்கு கனடாவில் 1989 டிசம்பர் முதல் தயாரான வண்டிகளுக்குக் கட்டாயம், அமெரிக்காவில் அப்படி இல்லை. ஆகவே ஒரே பெயர் கொண்ட வண்டியிலும் விளக்கு தொடர்பான சாமான்கள் பொருந்தாமல் போகலாம். பெட்டியில் தயாரிப்பு நாட்டின் பெயரைப் பாருங்கள்: அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றில் ஒன்றில் உருவாகி அந்த மூன்று நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின் விதிக்கு உட்பட்டிருந்தால் சாதாரணச் சுங்க வரி இல்லை, எச்.எஸ்.டி. மட்டுமே.

ஆல்டர்நேட்டர், ஸ்டார்ட்டர், காலிப்பர் போன்றவற்றைப் புதுப்பித்து விற்கும் கடைகளில் விலைக்கு மேல் ஒரு வைப்புத் தொகையையும் வாங்குவார்கள்; பழைய சாமானை, அவர்கள் சொல்லும் கெடுவுக்குள் திருப்பித் தந்தால்தான் அந்தத் தொகை கைக்கு வரும். நம் ஊரில் பழைய பேட்டரியைக் கொடுத்ததும் விலையில் கழித்துவிடுவார்கள், அத்தோடு முடிந்தது. அங்கே அதற்காக இன்னொரு முறை பாலக் கட்டணம் கட்டிப் போக வேண்டும். பழைய சாமானைக் கழற்றி முதல் பயணத்திலேயே கையோடு கொண்டுபோக முடியாது என்றால், அந்த வகைச் சாமான்களை விண்ட்சரிலேயே வாங்குவது நல்லது.

வீட்டுக்கு வரவழைப்பதானால் கூரியருக்கும் அஞ்சலுக்கும் விதி வேறு. 2020 ஜூலை முதல், அமெரிக்காவிலிருந்து கூரியரில் வரும் பொருளுக்கு 40 கனடிய டாலர் வரை வரியே இல்லை, 150 டாலர் வரை சுங்க வரி மட்டும் இல்லை. அஞ்சலில் வந்தால் இந்த எல்லை 20 டாலர்தான். ஆனால் கூரியர் நிறுவனங்கள் சுங்கம் முடித்துத் தருவதற்கென்று வாசலில் ஒரு கட்டணம் கேட்பதுண்டு, அது சில வேளைகளில் வரியைவிடக் கூடுதலாக இருக்கும். ஆகவே வரியையும் சுங்கக் கட்டணத்தையும் முன்கூட்டியே சேர்த்து வாங்கிக்கொள்ளும் விற்பனையாளரையே தேர்ந்தெடுங்கள். அந்தப் பக்கத்து முகவரி ஒன்றுக்கு வரவழைத்து நீங்களே போய் எடுத்துவந்தாலும், அது கடையில் வாங்கிவந்ததற்குச் சமம்தான்.

வாங்கியது கோளாறாகித் திருப்பித் தர வேண்டியிருந்தால், கனடாவைவிட்டுக் கிளம்பும் முன்பே பொருளைச் சுங்க அலுவலகத்தில் காட்டி, வெளியே எடுத்துச் சென்றதற்கான சான்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். கட்டிய வரியைப் பி2ஜி என்ற படிவத்தில் திரும்பக் கேட்கும்போது அந்தச் சான்றும் எல்லையில் தந்த ரசீதும் தேவைப்படும். அதற்காகவே ரசீதுகளைத் தனிக் கோப்பில் வைக்கச் சொல்லித் தம்பி மகனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சாவடியில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டான். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடு என்றேன்: நான்கு டிஸ்க், நான்கு செட் பேட், வண்டியில் மாட்டியிருக்கிறேன், விலை இவ்வளவு, இதோ பில். திண்ணையில் உட்கார்ந்தபடியே என் எதிரில் அதை ஆங்கிலத்தில் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.