சான்றிட்ட நகலும் பொது அறிவிப்பும்: சென்னைவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே ஒரு நகலுக்காக மண்டல அலுவலகத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் மாறி மாறி அலைகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. பல பேருக்கு ஆவணம் இல்லாமல் போவதில்லை. அது எந்த அலுவலகத்தில், எந்தப் பெயரில், எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்க்காமலே விண்ணப்பம் எழுதிவிடுகிறார்கள்.

முதல் தவறு, வீடு சம்பந்தப்பட்ட எல்லாமே மாநகராட்சியிடம் இருக்கும் என்று நினைப்பது. சொத்து வரி, பிறப்பு இறப்புப் பதிவு, தொழில் உரிமம் எல்லாம் மாநகராட்சி. பட்டாவும் நில அளவைப் பதிவேடும் வருவாய்த் துறை; அதற்குத் தாலுகா அலுவலகம். வில்லங்கச் சான்று பதிவுத் துறை. குடிநீர், கழிவுநீர் இணைப்பு சென்னைக் குடிநீர் வாரியம். கட்டட அனுமதிதான் ரொம்பக் குழப்பும். சிறிய கட்டடங்களுக்கு மாநகராட்சியே அனுமதி தரும், பெரியவற்றுக்கு எழும்பூரில் இருக்கும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்). அடுக்குமாடியில் வீடு வாங்கப் போகிறவர் வரைபட நகலைக் கேட்கும் முன், பில்டர் காட்டும் அனுமதிக் கடிதத்தில் யாருடைய முத்திரை இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

பிறப்புப் பதிவில் இன்னொரு சிக்கல். பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு இருக்கும், பெற்றோர் குடியிருந்த இடத்தில் இருக்காது. ஆவடியில் குடியிருந்தவர் எழும்பூர் மருத்துவமனையில் பிள்ளை பெற்றிருந்தால் பதிவு சென்னை மாநகராட்சியில். தாம்பரத்தில் பிறந்தவர் சென்னை மாநகராட்சி இணையதளத்தில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. அது தனி மாநகராட்சி. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் எல்லாம் 2011 வரை தனி நகராட்சிகள். அந்தக் காலத்துப் பதிவு வேண்டுமானால் பழைய நகராட்சியின் பெயரையும் விண்ணப்பத்தில் சேர்த்து எழுதுங்கள். பழைய காகிதத்தில் இருக்கும் டிவிஷன் எண்ணை இன்றைய வார்டு எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 155 வார்டுகள் 200 ஆனபோது எண்கள் மாறிவிட்டன. கதவு எண்ணிலும் இதே கதைதான்: பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள்.

குழந்தையின் பெயரை வைத்துத் தேடி "பதிவே இல்லை" என்று பதறுகிறவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்துவிட்டு, பெயர்க் கட்டத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். பிறந்த தேதியையும் தாய் தந்தை பெயரையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். மருத்துவமனை எழுதித் தரும் அட்டை பிறப்புச் சான்றிதழ் ஆகாது. இறப்புச் சான்றிதழில் இறப்புக்கான காரணமும் வராது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதை வெளியிடக் கூடாது என்கிறது. இன்ஷூரன்ஸ்காரர் கேட்டால் சிகிச்சை தந்த மருத்துவமனையை அணுகுங்கள். இன்னொன்று: கணினியில் ஏறிய சான்றிதழ்களை மாநகராட்சி இணையதளத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதற்கு வாசலில் நிற்கும் புரோக்கரிடம் காசு கொடுப்பதைப் பார்க்கும்போது ஆத்திரமாக வருகிறது.

சரி, ஜெராக்ஸ் எடுத்து நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ கையெழுத்து வாங்கினால் சான்றிட்ட நகல் ஆகிவிடுமா? ஆகாது. அது நீங்கள் காட்டிய காகிதத்துக்கான அட்டெஸ்டேஷன் மட்டும்தான். மூல ஆவணத்தை வைத்திருக்கும் அதிகாரியே "உண்மை நகல்" என்று எழுதி, தேதி, கையெழுத்து, பதவி, முத்திரையுடன் தருவதுதான் சான்றிட்ட நகல். நீதிமன்றம் ஏற்பது அதைத்தான். இந்த விதி முன்பு சாட்சியச் சட்டத்தின் 76ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 75ஆம் பிரிவு. நகலைக் கையில் வாங்கியதும் கவுன்டரை விட்டு நகராமல் முத்திரையையும் தேதியையும் ஒருமுறை பாருங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது நேரும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. நல்ல காரணத்துக்காகக் கேட்கிறவர்கள்கூட இப்படி எழுதுகிறார்கள்: "எங்கள் தெருவில் ஏன் சாலை போடவில்லை? யார் பொறுப்பு?" அந்தச் சட்டம் அலுவலகத்தில் இருக்கும் பதிவைத் தரச் சொல்கிறதே தவிர, ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் எழுதித் தரச் சொல்லவில்லை. அதையே இப்படிக் கேளுங்கள்: "இன்ன மண்டலம், இன்ன வார்டு, இன்ன தெருவில் 2022 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நடந்த சாலைப் பணிகளுக்கான பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், பட்டியல் தொகை வழங்கிய ஆணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைத் தரவும்." இதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். எந்தக் காகிதம் என்று தெரியாவிட்டால் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள், அதுவும் உங்கள் உரிமைதான். பார்த்துவிட்டு வேண்டிய பக்கங்களை மட்டும் கேட்கலாம்.

கட்டணம் 10 ரூபாய். மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பதில் தர 30 நாள். பக்கத்துக்கு இவ்வளவு கட்டுங்கள் என்று கடிதம் வந்தால் உடனே கட்டுங்கள். கட்டும் வரையான நாட்கள் அந்த 30இல் சேராது. 30 நாளில் பதிலே வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பலர் இந்தக் கெடுவைத் தவறவிட்டு, திரும்ப முதலிலிருந்து மனுப் போடுகிறார்கள். மனுவை நேரில் கொடுத்தால் ஒப்புகை முத்திரை, தபால் என்றால் பதிவுத் தபால் ரசீது. இது கையில் இல்லாவிட்டால் நாள் கணக்கை எதை வைத்துச் சொல்வீர்கள்?

அப்புறம் பொது அறிவிப்புகள். நில எடுப்பு, நில உபயோக மாற்றம் போன்றவற்றின் அறிவிப்பு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி வரும் என்று காத்திருக்காதீர்கள். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் முதல்நிலை அறிவிப்பு அரசிதழிலும் இரண்டு நாளிதழ்களிலும் வரவேண்டும், அவற்றில் ஒன்று வட்டார மொழி நாளிதழ். ஆட்சேபணைக்கு 60 நாள். தமிழ்நாடு அரசிதழை இணையத்திலேயே படிக்கலாம். ஒப்பந்தப்புள்ளிகளுக்கு அரசின் டெண்டர் இணையதளம் தனியாக இருக்கிறது.

ஆனால் அறிவிப்பைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே தவறவிடுகிறவர்கள் அதிகம். காரணம் ஊர்ப் பெயர். கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் பல மனைகளின் பத்திரத்தில் "புலியூர் கிராமம்" என்ற வருவாய்க் கிராமப் பெயர்தான் இருக்கும். அறிவிப்பிலும் அப்படித்தான் வரும்: புலியூர் கிராமம், பிளாக் எண் இத்தனை, நகர அளவை எண் (சர்வே எண்) இத்தனை. கோடம்பாக்கம் என்ற சொல்லைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இன்றே உங்கள் பத்திரத்தை எடுத்து கிராமப் பெயர், பிளாக், சர்வே எண் மூன்றையும் போனில் குறித்து வையுங்கள். அறிவிப்பு கண்ணில் பட்டால் நாளிதழின் பெயர், தேதி, பக்கத்தோடு முழுப் பக்கத்தையும் படம் எடுங்கள். அறிவிப்பை மட்டும் கத்தரித்து வைத்தால் அது எந்தத் தேதியில் வந்தது என்று நிரூபிக்க முடியாமல் போகும். ஆட்சேபணையை எழுத்தில், அறிவிப்பில் உள்ள அதே சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, கெடு தேதிக்குள் அதில் சொல்லியிருக்கும் முகவரியிலேயே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கவுன்சிலரிடம் வாயால் சொன்னது ஆட்சேபணைக் கணக்கில் வராது.